லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் கேட்டவை

கேள்வி: லினக்ஸுக்குப் புதிது. எந்த டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பில்) தொடங்கலாம்?

இதற்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், சண்டையும் வரும். நான் மின்ட் என்பேன். அது உபுண்டுவின் மேல் கட்டியது, உபுண்டு டெபியனின் மேல் கட்டியது. அதனால் இங்கே பழகிய, மென்பொருள் நிறுவும் ஏப்ட் கட்டளை அந்த இரண்டிலும் செல்லும். இன்ஸ்டால் செய்யும் முன் பென் டிரைவிலிருந்து லைவ் மோடில், அதாவது ஹார்டு டிஸ்க்கில் பதிக்காமலே, ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா? மூன்றாவதைத்தான் பலர் பார்க்க மறந்துவிட்டு அப்புறம் புலம்புகிறார்கள்.

கேள்வி: அந்தப் பென் டிரைவை டிடி கட்டளையால் தயார் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அது கோப்பைச் சொன்ன டிஸ்க்கில் அப்படியே எழுதிவிடும், 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. எஸ்டிபி (என் பென் டிரைவ்) என்று அடிக்க வேண்டிய இடத்தில் நான் ஒருமுறை எஸ்டிஏ (என் ஹார்டு டிஸ்க்) என்று அடித்துவிட்டேன். சில நிமிடத்தில் ஹார்டு டிஸ்க்கின் தலைமாட்டில் ஐஎஸ்ஓ (லினக்ஸ் இன்ஸ்டால் கோப்பு) உட்கார்ந்திருந்தது, டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் காலி. இப்போதெல்லாம் பென் டிரைவைச் செருகும் முன் ஒருமுறை, செருகிய பின் ஒருமுறை, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடிக்கிறேன். புதிதாக முளைத்த பெயர்தான் பென் டிரைவ். அளவும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: டூயல் பூட் (ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்) வைத்திருக்கிறேன். லினக்ஸுக்குப் போய் வந்தால் விண்டோஸில் மணி தப்பாகக் காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரி மேல் பழி வேண்டாம். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது யூடிசி (உலகப் பொது நேரம்) என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது, உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸை விட்டுக்கொடுக்க வைப்பது சுலபம்: டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1. ஓர் எச்சரிக்கை காட்டும். கோடையில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் நாடுகளில் இது தொல்லை தரும். அங்கே விண்டோஸை அதன் ரெஜிஸ்ட்ரி (அமைப்புகளின் பதிவேடு) வழியாக யூடிசிக்கு மாற்றுவதே மேல்.

கேள்வி: எதையும் திறக்கவில்லை, ஆனாலும் ஃப்ரீ கட்டளை ரேம் மிச்சமே இல்லை என்கிறதே?

சும்மா கிடக்கும் ரேமைக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கேஷாக, அதாவது வேகத்துக்கான தற்காலிகச் சேமிப்பாக, எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பித் தந்துவிடும். 'அவெயிலபிள்' பத்தியைப் பாருங்கள்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டியும் ஒரு டிஸ்ட்ரோதானே?

இல்லை. கறாராகச் சொன்னால் லினக்ஸ் என்பது 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கர்னல் மட்டும். அதைச் சுற்றியுள்ள அடிப்படைக் கருவிகளில் பல, 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தில் உருவானவை. இவற்றைச் சேர்த்துக் கட்டித் தருபவர்கள் டிஸ்ட்ரோக்காரர்கள். ஃப்ரீபிஎஸ்டி தனி இயங்குதளம், அதில் கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே திட்டத்தின் கையில் இருக்கின்றன. அதன் கையேடு அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. உரிமமும் வேறு: லினக்ஸ் கர்னலின் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்க வேண்டும், ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஸ்டி உரிமம் அப்படிக் கேட்பதில்லை.

கேள்வி: பழைய 32 பிட் மடிக்கணினியில் டெபியன் 13 ஏறுமா?

2025இல் வந்த 13இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது, 12 போடலாம். சரி, அது உண்மையிலேயே 32 பிட்தானா? லினக்ஸில் சிப்பின் விவரம் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையை அடித்து முதல் வரிகளைப் பாருங்கள். 64 பிட் என்றும் அங்கே இருந்தால், 32 பிட்டாக இருந்தது பழைய விண்டோஸ்தான், சிப் அல்ல. நேராக 13 போடுங்கள்.