மிதிகல் ஏன் உடைகிறது?

கேள்வி: வாசலிலிருந்து கிணற்றடி வரை மழை பெய்தால் ஒரே சேறு. பழைய பிளாஸ்டிக் பேசினில் சிமென்ட் கலவை ஊற்றி ஆறு மிதிகல் செய்தேன். ஒரே மாதத்தில் நாலு உடைந்துவிட்டது. எங்கே தப்பு?
– வாசகி, மன்னார்குடி

பதில்: எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள் அம்மா? அதைச் சொல்லவே இல்லை. என் சந்தேகம் அங்கேதான். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. நானும் முதல் தடவை மொட்டைமாடி வெயிலில் வைத்து, அப்பளம் மாதிரி நொறுங்கியதைப் பார்த்தவன்தான். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து, நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி, குறைந்தது 7 நாள் நனைத்து வையுங்கள். முழு பலம் வர 28 நாள் ஆகும்.

கலவை, ஒரு சட்டி சிமென்ட்டுக்கு இரண்டு சட்டி மணல், மூன்று சட்டி பொடி ஜல்லி. கஞ்சிப் பதத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் பலம் போச்சு. கனம் 2 அங்குலம், நடுவே கோழிவலைத் துண்டு. பேசினில் முதலில் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். கையுறையும் போடுங்கள், சிமென்ட் தோலை அரித்துவிடும்.

மேலே வழவழவென்று தேய்க்காமல் துடைப்பத்தால் கோடு இழுங்கள், மழையில் வழுக்காது. பூசணி இலையை அழுத்தி எடுத்தால் நரம்பு நரம்பாக அச்சு விழும், என் பேத்திக்கு அதுதான் பிடிக்கும்.

பதிக்கும்போது அடியில் மணல் பரப்புங்கள், கீழே பள்ளம் இருந்தாலும் கல் உடையும். இடைவெளிக்கு டேப் வேண்டாம். வீட்டில் பெரியவர் யாராவது நடக்கட்டும், அவர் கால் பட்ட இடத்தில் கல்லை வையுங்கள்.