சாஃப்ட்வேர் ‘தகுதியில்லை’ என்கிறது, வேறு வாங்கலாமா?

கேள்வி: எங்களுடையது சிறிய மெட்ரிக் பள்ளி. போன வருடம் பள்ளி நிர்வாக சாஃப்ட்வேர் ஒன்று வாங்கினோம். இந்த ஏப்ரலில் எல்கேஜி விண்ணப்பங்களை ஏற்றினால், மூன்றில் ஒரு பிள்ளைக்கு ‘வயதுத் தகுதியில்லை’ என்று சிவப்பில் காட்டுகிறது. விதியை மாற்றத் தனிக் கட்டணம் என்கிறார்கள். ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கும் நேரம் வேறு. தொடரலாமா? ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படி இலவசமாகச் சேரும் பிள்ளைகள்) மாட்யூல் என்று ஒன்றையும் தனி விலைக்குச் சொல்கிறார்கள். தேவையா?
- ஒரு தாளாளர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சிவப்பில் வந்த பிள்ளைகளின் பிறந்த தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூலைக்குள் பிறந்தவர்களாகவே இருந்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். விண்ணப்பம் ஏற்றிய அன்றைய தேதிக்கு வயதைக் கணக்குப் பார்க்கிறது உங்கள் சாஃப்ட்வேர். தமிழ்நாட்டில் கணக்கு ஜூலை 31-க்கு. 2024-25-இல் ஆர்.டி.இ. வழியாக எல்கேஜி சேர, 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. 2021 ஜூன் 10 அன்று பிறந்த குழந்தைக்கு 2024 ஏப்ரலில் 2 வயது 10 மாதம். ஜூலை 31-க்குப் பார்த்தால் 3 முடிந்திருக்கும். மிஷின் பொய் சொல்லவில்லை, தப்பான நாளில் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

பல ஊர்ப் பள்ளிகளுக்கும் சேர்த்து எழுதப்பட்ட சாஃப்ட்வேரில் இந்தத் தொல்லை சகஜம். கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31-இல் 6 வயது முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 1-இல் பிறந்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள். நம் ஆர்.டி.இ. கணக்கில் அதே ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-இல் 5. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு விதி. அதனால் கணக்கிடும் தேதி, குறைந்த வயது, அதிக வயது ஆகிய மூன்றையும் வகுப்புவாரியாக, கல்வியாண்டுவாரியாக உங்கள் ஆபீஸிலேயே மாற்ற முடிய வேண்டும். அதற்கும் காசு கேட்டால், என் யோசனை: ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்க வேண்டாம். விதி வருடா வருடம் மாறக்கூடியது. நீங்களும் வருடா வருடம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

வேறு ஒன்றை வாங்கினால், டெமோவில் அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பிள்ளைகளை நம்பாதீர்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் தகுதியோடுதான் பிறந்திருப்பார்கள்! நீங்களே நாலு பேரைக் கொடுங்கள். ஜூலை 31-இல் பிறந்த ஒன்று, அதே வருடம் ஆகஸ்ட் 1-இல் பிறந்த ஒன்று, லீப் வருடத்து 29.2.2020 என்று ஒன்று, பிறப்புச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராத ஒன்று. முதல் இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், வருடத்தில் வருடத்தைக் கழித்து வயது போடுகிறார்கள் என்று அர்த்தம். நாலாவது பிள்ளையின் விண்ணப்பத்தைச் சேமிக்கவே விடவில்லையென்றால் அதுவும் தப்பு. வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு குழந்தைக்கு அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களைப் பற்றி என்றாலும், எல்கேஜிக்கும் ‘சான்றிதழ் பிறகு’ என்று குறித்துவைக்க ஓர் இடம் இருப்பது நல்லது.

ஆர்.டி.இ. மாட்யூலுக்குப் பணம் தர வேண்டாம். விண்ணப்பம் அரசு இணையதளத்தில் போகிறது. இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல். உங்கள் சாஃப்ட்வேர் அங்கே தகுதி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சேர்ந்த பிள்ளையை ஆர்.டி.இ. என்று குறித்தால் கட்டண ரசீதும் பாக்கி எஸ்.எம்.எஸ்.ஸும் தானாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நிற்கவில்லை. ‘மூன்றாவது நினைவூட்டல்’ என்று செய்தி வந்து, வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார் ஒரு அப்பா.

கேள்வி: நான் பள்ளி ஆபீஸில் கிளார்க். சிபிஎஸ்இ பள்ளி. 75 சதவீத வருகை இல்லை என்று ஒரு மாணவிக்கு ஹால் டிக்கெட் பட்டியலில் பெயரே வரவில்லை. அந்தப் பெண் லீவே போடமாட்டாள். எப்படி?

பதில்: நடுவில் வந்து சேர்ந்த பெண்ணா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு 95 வேலை நாள், வந்தது 90 என்றால் கிட்டத்தட்ட 95 சதவீதம். பள்ளி திறந்த நாளிலிருந்து 140 நாள் என்று வகுத்தால் 64. வகுக்கும் எண்தான் வில்லன். பழைய பள்ளியின் வருகையையும் ஏற்ற இடம் இருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: சாஃப்ட்வேர் பெயரை நீக்கவே கூடாது, வருகை குறைவு என்று குறித்துக் காட்டினால் போதும். முதல்வர் பார்த்து, காரணம் எழுதி அனுமதிக்கிற மாதிரி இருக்க வேண்டும். யார், எந்தத் தேதியில் அனுமதித்தார் என்பதும் அழியாமல் பதிவாக வேண்டும். மருத்துவச் சான்றிதழோடு வரும் பிள்ளைக்கு வேறு எப்படி வழி விடுவீர்கள்?

தேர்ச்சி விதியிலும் இதே கவனம் தேவை. மாநிலப் பாடத்திட்டப் பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு மொத்தம் 35 மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் 70-க்கு 15-ம் வேண்டும். ஒரே ஒரு கட்டத்தில் 35 என்று போடத்தான் இடம் இருக்கிறது என்றால், எழுத்தில் 14 வாங்கிய பையனும் மாதிரித் தேர்வில் பாஸ் என்று வீட்டுக்குச் சந்தோஷமாகப் போவான்.

கேள்வி: சாஃப்ட்வேர் சரியில்லை என்று பள்ளி அறக்கட்டளை நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறக்கட்டளை ‘நபர்’ அல்ல, புகார் தர முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘நபர்’ என்பதன் விளக்கம் விரிந்திருக்கிறது. ஆனால் வணிக நோக்கத்துக்கு வாங்கியதா என்ற வாதம் எப்படியும் வரும். வொர்க் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: விதிகளைப் பள்ளியே மாற்றலாம், தனிக் கட்டணம் இல்லை, விலகும்போது மாணவர் விவரம் முழுவதும் எக்செல் கோப்பாகக் கையில் தரப்படும், சோதனைப் பிள்ளைகள் நாலு பேருக்கும் சரியான பதில் வந்த பிறகே கடைசித் தவணை.