கேளுங்கள், சொல்கிறோம்: குளியலறை ஆங்கிலம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் குளியலைச் சுற்றியே இருக்கின்றன. வேலூர் வெயில் செய்த வேலையாக இருக்கலாம்.

கே: நர்ஸிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். 'டுக் பாத்' என்று எழுதியதற்கு மார்க் குறைத்துவிட்டார்கள். 'பாத்', 'பேத்' இரண்டில் எதை எங்கே எழுதுவது? இந்தச் சொல்லின் வேர் என்ன? (காட்பாடி வாசகி)

ப: மார்க் போனது நடுவில் விட்டுப்போன 'எ'யால்தான். பிரிட்டிஷ்காரர் 'ஹேவ் எ பாத்' என்பார், அமெரிக்கர் 'டேக் எ பாத்' என்பார். யார் சொன்னாலும் அந்த 'எ' வேண்டும். அவர்கள் 'பாத்' என்று சொல்வது பெரும்பாலும் தொட்டியில் உட்கார்ந்து குளிப்பதை. நாம் பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொள்வதைச் சொல்ல 'பக்கெட் பாத்' என்று நாமே ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

வினைச்சொல்லாக எழுதும்போது, கடைசியில் 'இ' இல்லாத 'பாத்' பிரிட்டனில் குழந்தையையோ நோயாளியையோ குளிப்பாட்டுவது. 'இ' சேர்ந்த 'பேத்' அங்கே புண்ணையோ கண்ணையோ தண்ணீரால் மெல்லக் கழுவுவது, கடலில் இறங்கி நீந்துவது. அமெரிக்கர்கள் எல்லாக் குளியலுக்கும் 'பேத்' என்றே எழுதிவிடுவார்கள். படுக்கையிலேயே துடைத்துவிட்டதை எழுத 'கேவ் எ பெட் பாத்' என்பது இரு நாட்டிலும் செல்லும். இறந்தகாலத்தில் இரண்டு சொற்களுக்கும் எழுத்து ஒன்றேதான், பி-ஏ-டி-ஹெச்-இ-டி. வாயால் சொல்லும்போதுதான் வேறுபடும்: 'பாத்' முடிவது 'திங்க்' தொடங்கும் ஒலியில், 'பேத்' முடிவது 'தட்' தொடங்கும் ஒலியில்.

'ஹெட் பாத்' நம்மூர்ச் சரக்கு, தேர்வில் வேண்டாம். 'வாஷ்ட் ஹெர் ஹேர்' என்று எழுதுங்கள். 'ஆயில் பாத்'தும் அப்படித்தான். அம்பாசிடர் காரிலும் பழைய டிராக்டரிலும் எண்ணெயில் தூசியைப் பிடிக்கும் ஏர் ஃபில்டர் இருக்குமே, அதற்கு அதுதான் பெயர். தீபாவளிக் குளியலைப் பற்றி எழுதினால் வெளிநாட்டுக்காரருக்கு மெக்கானிக் ஷெட் ஞாபகம் வரும்.

வேரையும் கேட்டிருக்கிறீர்கள். 'பாத்' பழைய ஜெர்மானியச் சொல். அதன் அடியில் இருப்பது தண்ணீர் அல்ல, சூடு. பேக்கரியில் உள்ள 'பேக்'கையும் இதே வேரில்தான் சேர்க்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரம் பெயர் பெற்றதும் வெந்நீர் ஊற்றால்தான். ரோமானியர் குளியல் மண்டபம் கட்டிய அந்த ஊற்றில் தண்ணீர் இன்றும் சுமார் 46 டிகிரி செல்சியஸில் வருகிறது.

கே: மூலத்துக்கு ஆபரேஷன் ஆன அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'சிட்ஸ் பாத்' என்று எழுதியிருக்கிறது. 'சிட் பாத்' என்பதைத் தப்பாக எழுதிவிட்டார்களா? எப்படிச் செய்வது? (சத்துவாச்சாரி வாசகர்)

ப: சீட்டில் உள்ளது சரி. ஜெர்மன் மொழியில் உட்காருவதற்கு 'சிட்ஸ்', குளியலுக்கு 'பாட்'. 19ஆம் நூற்றாண்டில் கிரேஃபன்பெர்க்கில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்பவர் நடத்திய நீர்ச்சிகிச்சைக்கு ஐரோப்பா முழுவதும் பேர் கிடைத்தது. அந்த அலையில்தான் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. பாதியை மட்டும் மொழிபெயர்த்து, 'சிட்ஸ்'ஸை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதைத் தமிழில் 'இடுப்புக் குளியல்' என்று சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. இயற்கை மருத்துவத்தில் அந்தப் பெயரில் இருப்பது வேறு: லூயி கூனே முறை, காந்தி விரும்பிச் செய்தது. அது குளிர்ந்த நீரில் உட்கார்ந்து அடிவயிற்றைத் தேய்ப்பது. அப்பாவுக்குச் சொல்லியிருப்பது வெதுவெதுப்பான நீரில் சும்மா உட்காருவது.

அகலமான பிளாஸ்டிக் டப்பை சோப்புப் போட்டுக் கழுவி, அலசிவிடுங்கள். மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு வெந்நீர் விளாவி வையுங்கள், ஆசனவாய் முழுகினால் போதும். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் உங்கள் முழங்கையையோ மணிக்கட்டின் உட்புறத்தையோ வைத்துப் பாருங்கள். அப்பாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டாம், குறிப்பாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால். உணர்ச்சி மங்கியிருக்கும், தோல் வெந்தபிறகுதான் தெரியும். 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, அதில் ஒன்று மலம் கழித்த பிறகு. டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதன்படி. டெட்டாலோ உப்போ அவர் சொல்லாமல் போடாதீர்கள், புண் எரியும். எழுந்திருக்கும்போது தலை சுற்றும், வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்திருப்பதால். பக்கத்தில் நின்று கைகொடுங்கள். பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும்.

கே: 'டாய்லெட் சோப்' என்று உறையில் போட்டிருக்கிறதே, கழிப்பறைக்கா அது? ஒரே கம்பெனி இன்னொன்றில் 'பாதிங் பார்' என்று போடுகிறது. எதை வாங்குவது? (குடியாத்தம் வாசகி)

ப: தாராளமாக முகத்துக்குப் போடலாம். பிரெஞ்சில் 'துவால்' என்றால் துணி, 'துவாலெத்' சின்னத் துணி. அலங்கார மேசைமேல் விரித்த துணிக்கு இருந்த பெயர் மேசைக்கும், அங்கே நடந்த ஒப்பனைக்கும், அது நடந்த அறைக்கும் தாவி, கடைசியில் கழிப்பறையில் போய் நின்றுவிட்டது. சோப்பு உறையிலும் பிரெஞ்சு வாசனைத் திரவியக் குப்பியிலும் மட்டும் பழைய மரியாதை மிச்சம்.

உறையில் 'டி.எஃப்.எம்.' என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்கள், மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பது அது. இந்தியத் தர நிர்ணயப்படி டாய்லெட் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாவதுக்கு 60. 'பாதிங் பார்' வேறு வகை, அதற்கு 40 இருந்தாலே போதும். கொழுப்புப் பொருள் குறைந்த கட்டி பெரும்பாலும் சீக்கிரம் ஊறிக் கரையும். ஆனால் அதில் ஒரு நன்மையும் உண்டு. உங்கள் பக்கம் போர் தண்ணி உப்பாக இருந்தால் நல்ல சோப்பும் நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, வாளி ஓரத்தில் சாம்பல் நிறப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்த உப்புகள் தீரும்வரை நீங்கள் தேய்க்கும் சோப்பு வீண்தான். செயற்கை நுரைப்பொருள் கலந்த பாதிங் பார் இந்தத் தண்ணியிலும் நுரைக்கும். தலைமுடிக்கு மட்டுமாவது நல்ல தண்ணி ஒரு சொம்பு எடுத்து வைத்துக் கடைசியில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

கே: ஷாம்பு தமிழ்ச் சொல்லா? சாம்பலிலிருந்து வந்தது என்கிறார் என் நண்பர். (ஆரணி வாசகர்)

ப: சாம்பலும் இல்லை, சம்பங்கியும் இல்லை. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்திப் பிடித்துவிடுவது, 'சாம்போ' அதன் ஏவல். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஷாம்பு என்றால் உடம்பு பிடித்துவிடுவது மட்டுமே. பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முகமது, பிரைட்டன் கடற்கரை ஊரில் ஆவிக்குளியல் நிலையம் நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு 'ஷாம்பு வைத்தியர்' ஆனார். முடி கழுவும் பொருள் வந்தது 1860களில். ஆக, சலூனில் முடி வெட்டியபின் தலையைத் தட்டிப் பிடித்துவிடுகிறாரே, அவர் செய்வதுதான் அசல் ஷாம்பு.

கே: ராணிப்பேட்டை டேனரியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சுண்ணாம்பு எடுத்த தோலை டிரம்மில் போட்டு 'பேட்டிங்' என்கிறார்கள். தோலைக் குளிப்பாட்டுவதுதானே? (வாலாஜாபேட்டை வாசகர்)

ப: 'பாதிங்' திரிந்ததல்ல அது. பி-ஏ-டி-இ, நடுவில் 'ஹெச்' கிடையாது. ஜெர்மன் 'பைட்சன்', சுவீடிஷ் 'பேட்டா' இரண்டும் இதன் உறவு; அடியில் இருப்பது கடிப்பது என்ற பொருள், ஆங்கில 'பைட்' இதே குடும்பம். செயலும் அதுவே. தோலின் நார்களுக்கு இடையில் இருக்கும் தேவையில்லாத புரதத்தை என்சைம் கடித்து எடுக்கிறது. அந்தக் காலத்தில் நாய்க் கழிவையும் புறா எச்சத்தையும் கரைத்து இந்த வேலையைச் செய்தார்கள். கணைய என்சைமை வைத்து ஓட்டோ ரோம் செய்த மாற்றுப்பொருளை விற்கத்தான் ஜெர்மனியில் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1907இல் தொடங்கியது. டேனரிக்காரர்கள் மூக்கு தப்பித்தது.

கணைய வகை என்சைமுக்கு பி.ஹெச். 8 முதல் 8.5 வரை, சூடு 35 முதல் 37 டிகிரி வரை இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் அம்மோனியம் உப்புப் போட்டுச் சுண்ணாம்பை இறக்குகிறார்கள். தோலின் குறுக்கு வெட்டில் ஃபினாப்தலின் சொட்டுவிட்டுப் பாருங்கள். நடுவில் சிவப்புக் கோடு தெரிந்தால் உள்ளே சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. முடிந்ததா என்று அறிய, மேல்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். பதிந்த தடம் அப்படியே நின்றால் போதும், நிறுத்திவிடலாம். பள்ளம் உடனே எழும்பினால் இன்னும் ஓட வேண்டும். கோடையில் தொட்டித் தண்ணியே சூடாக இருக்கும், அளந்து பார்க்காமல் வெந்நீர் சேர்த்தால் என்சைம் அளவுக்குமேல் கடித்து, மேல்தோல் தொளதொளத்துப் போகும். அப்புறம் எந்த பாலிஷும் அதைக் காப்பாற்றாது.

கே: கீசர், ஸ்பா, டவல்? (ஆம்பூர் வாசகர், ஒரே கார்டில்)

ப: கீசர் ஐஸ்லாந்தில் பீறிட்டடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் சொந்தப் பெயர். லண்டனில் பெஞ்சமின் மாம் 1868இல் செய்த கேஸ் வெந்நீர்க் கருவிக்கு அதைச் சூட்டினார். ஸ்பா, பெல்ஜியத்தில் ஓர் ஊர். லத்தீன் முதலெழுத்துகளின் சுருக்கம் என்று சுற்றி வரும் கதையை நம்ப வேண்டாம். டவல், கழுவுவதைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் போர்த்துகீசிய உறவு 'தொவால்யா'. அதைத்தான் நாம் துவாலை ஆக்கிக்கொண்டோம்.