பனியைக் கண்டிராதவர் துருவ ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மழைமேகங்களைச் செய்மதியின் மைக்ரோவேவ் தரவுகளால் ஆராய்ந்து பௌதிகவியலில் முதுமாணி முடித்திருக்கிறீர்கள். கணவரோடு நோர்வேயின் ட்ரொம்சோ நகருக்கு வந்து 8 மாதம். துருவ ஆய்வில் கலாநிதிப் பட்டம் செய்ய ஆசைப்பட்டு 23 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டதில் இரண்டு பதில்தான் வந்தது. இரண்டும் வாழ்த்தோடு நின்றுவிட்டன. கட்டணத்துக்கு எங்கே போவது, போன மாரிவரை பனியையே காணாத என்னை எடுப்பார்களா என்று கேட்கிறீர்கள்.

கட்டணம் கிடையாது. நோர்வேயில் கலாநிதி ஆய்வு என்பது ஒரு வேலை. அந்தப் பதவிக்கு 'ஸ்டிபென்டியாட்' என்று பெயர். சம்பளம் வரும், வரி வெட்டுவார்கள், பிள்ளை பிறந்தால் விடுப்பு உண்டு. காலம் 3 வருடம். கற்பித்தல் போன்ற கடமைகளும் சேர்ந்தால் 4 வருடம், அதில் கால்வாசி நேரம் அந்தக் கடமைகளுக்குப் போகும். 2023 இல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கொண்டுவந்த கட்டணம் இளமாணி, முதுமாணி படிப்புகளுக்கானது. உங்களைத் தொடாது.

மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததற்கும் இதுதான் காரணம். இது வேலை என்பதால் பகிரங்கமாக விளம்பரம் செய்துதான் ஆள் எடுப்பார்கள். ஒரு பேராசிரியர் தன் விருப்பத்துக்கு உங்களைச் சேர்க்க முடியாது. 'ஜொப்நோர்கே' என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் 'ஸ்டிபென்டியாட்' என்று தேடி, புது விளம்பரம் வந்தால் அறிவித்தல் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் கடைசியில் தொடர்புக்கென ஒருவரின் பெயர் இருக்கும். திட்டத்தை வாசித்துவிட்டு அதைப்பற்றி ஒரு கேள்வி கேட்டு அவருக்கு எழுதுங்கள். அதற்குப் பெரும்பாலும் பதில் வரும்.

இனி, பனியைக் காணாத விஷயம். இதைப்பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதப்போகிறேன். நானும் இதே பயத்தோடு இருந்தவள்.

நோர்வேக்காரர் கொண்டாடும் துருவப் பயணி ஃப்ரிட்யோஃப் நான்சென் 1888 இல் கிறீன்லாந்தைக் கடந்தார். புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்தான் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சபையில் வாதாடி முடித்தார். அந்த ஏடு பனியைப் பற்றியதல்ல, கடல் உயிரினங்களின் நரம்புகளைப் பற்றியது. பிறகு 1893 இல் 'ஃப்ராம்' கப்பலை வட துருவக் கடற்பனிக்குள் உறைய விட்டு, பனியோடு மிதந்து போனபோது, காற்று வீசும் திசைக்கு 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கமாகப் பனி நகர்வதைக் குறித்துவைத்தார். பூமி சுழல்வதால் இப்படி நடக்கிறது என்று கணிதமாக நிறுவியவர் எக்மான் என்ற சுவீடன்காரர். 1902 இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஃப்ராமில் அவர் போகவே இல்லை.

இன்றைக்கும் அப்படித்தான். 2019 இலிருந்து 2020 வரை 'போலார்ஷ்டெர்ன்' என்ற ஜெர்மன் கப்பல் அதேபோல் பனியோடு மிதந்தது. 'மொசைக்' என்ற அந்த ஆய்வுப் பயணத்தின் தரவுகளைப் 'பங்கேயா' என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் எவரும் இறக்கிப் பார்க்கலாம். நீங்களும்தான், இன்று இரவே.

உங்கள் கையில் இருக்கும் சரக்கு என்னவென்று உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். துருவத்தில் மாதக்கணக்கில் இருட்டு, மற்ற நேரம் மேகம். சாதாரணக் கமராவால் பனியைப் பார்க்க முடியாது. அதனால்தான் 1970களின் கடைசியிலிருந்து கடற்பனியின் பரப்பைச் செய்மதியின் மைக்ரோவேவ் கருவிகளால் அளந்து வருகிறார்கள். ஆனாலும் திறந்த கடலுக்கு மேல் நிற்கும் நீராவியும் கனமான மேகமும் சில வேளை பனிபோலவே தெரிந்து ஏமாற்றும். அதை வடிகட்டுவதே ஒரு தனி வேலை. நீங்கள் இரண்டு வருடமாகத் தேடிப்பிடித்த மேகம்தான் அவர்களுக்கு இடைஞ்சல். உங்கள் விண்ணப்பக் கடிதத்தின் முதல் பந்தி இதுவாக இருக்கட்டும்.

என் முதல் விண்ணப்பத்தில் வட துருவத்தின் மேல் எனக்கிருந்த ஆசையை ஒன்றரைப் பக்கம் உருகி எழுதினேன். மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பு வந்தது: "துருவப் பிரதேசத்தில் ஆர்வம் தெளிவாகத் தெரிகிறது. திட்டத்தின் முறைகளோடு விண்ணப்பதாரரின் அனுபவத்துக்கு என்ன தொடர்பு என்பது விளக்கப்படவில்லை." அன்றிரவு அழுதேன். அடுத்த விளம்பரத்தை அச்செடுத்து, கேட்டிருந்த ஒவ்வொரு தகைமைக்கும் கீழே பென்சிலால் என் ஆதாரத்தை ஒரு வரியில் எழுதினேன். ஆதாரம் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டேன். அந்தத் தாளிலிருந்துதான் இரண்டாவது கடிதம் பிறந்தது. நேர்முகத்தில் பனியைப்பற்றி யாரும் கேட்கவில்லை. உங்கள் தரவில் நீங்களே கண்டுபிடித்த ஒரு பிழையைச் சொல்லுங்கள் என்றார்கள்.

பத்திரங்களில் கவனம் வையுங்கள். புள்ளிச் சான்றிதழோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் புள்ளித்திட்ட விளக்கமும் வேண்டும். முதுமாணி ஆய்வேட்டையும் பெரும்பாலும் கேட்பார்கள். ஆய்வேடு இல்லாத ஒரு வருட முதுமாணி என்றால் அநேகமாக அங்கேயே நின்றுவிடும், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்களைப்பற்றிச் சான்று சொல்லப்போகும் நடுவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விண்ணப்பித்தவர்களின் பெயர்ப்பட்டியல் பகிரங்கமாகலாம். கண்டு திகைக்க வேண்டாம். முடிவு வர மாதங்கள் ஆகும்.

வேலை கிடைத்தால், வட துருவப் பக்கம் நோர்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகும் வாய்ப்பு வரலாம். அங்கே இருக்க விசா தேவையில்லை, ஆனால் அது ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வலயமான ஷெங்கனுக்கு வெளியே. பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். அங்கே குடியிருக்கும் காலம் நிரந்தர வதிவிடக் கணக்கில் சேராது என்பதையும் முதலே தெரிந்துகொள்ளுங்கள். வெண்கரடிக்காகத் துப்பாக்கி பிடிக்கவும் பழக்குவார்கள்.

அங்கேதான் முதன்முதலில் கடற்பனியில் துளைபோட்டேன். பனி உருளையாக வெளியே வந்ததும் அதில் சின்ன ஓட்டைகள் போட்டு உடனே வெப்பமானியைச் செருக வேண்டும், தாமதித்தால் காற்றின் குளிர் ஏறி அளவு பிழைக்கும். உப்பை அளக்க இன்னொரு உருளையை வாளால் அறுத்துத் துண்டு துண்டாக மூடிவைக்க வேண்டும். நான் முதல் துண்டை மூடுவதற்குள் உள்ளேயிருந்த உப்புநீர் என் கையுறையில் வடிந்துவிட்டது. கூட நின்றவர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இன்னொரு துளை போட்டார். அந்த எண்களை வைத்துப் பிறகு கட்டுரை எழுதிய பெண் அந்தப் பனியில் கால் வைத்ததே இல்லை.

கடிதத்தின் முதல் பந்தியை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.