நான்கு பட்டையா, பெரிய விமானமா?

வணக்கம் அம்மா,

மும்பை செம்பூரில் பெற்றோர், மனைவி, மகளோடு இருக்கிறேன். ஏழு வருடமாக ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. ஒரு வருடத்துக்குள் கமாண்ட் அப்கிரேடுக்கு, அதாவது தோளில் நான்கு பட்டை போடும் கேப்டன் பதவி உயர்வுக்கு, கூப்பிடுவார்கள் என்கிறார்கள். இதற்கிடையில் துபாயில் போயிங் 777-ல் ஃபர்ஸ்ட் ஆபீசராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் அதிகம், வருமான வரி கிடையாது. இங்கே இரவுப் பணி உடம்பை உருக்குகிறது. அப்பாவுக்கு 74 வயது. "மூணு மணி நேரம்தானே, போயிட்டு வா" என்கிறார். வங்கியில் வேலை பார்க்கும் மனைவி "உங்க இஷ்டம்" என்கிறாள். மகள் இரண்டாம் வகுப்பு. அவள் படிப்பு என்ன ஆகும் என்ற கவலையும் இருக்கிறது. போகலாமா?

எஸ்., செம்பூர்

அன்புள்ள எஸ்.,

போகலாம். ஆனால் கமாண்ட் வாங்கிக்கொண்டு போங்கள்.

என் தங்கை மகனும் விமானிதான். அவனும் நண்பர்களும் மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பேச்சு சீனியாரிட்டியில்தான் போய் முடியும். வேறு நிறுவனத்தில் சேர்ந்த அன்றே நீங்கள் பட்டியலில் கடைசி ஆள். ஏழு வருடம் காத்திருந்து முன்னேறிய இடம் இங்கேயே நின்றுவிடும். கேப்டனாகப் பறந்த மணிகள் அப்படியில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் பறந்த மணிகளைக் குறிக்கும் லாக்புக்கில் கூடவே வரும். நேரடியாகக் கேப்டனாக எடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். உங்கள் லாக்புக்கில் அந்தப் பத்தி இன்னும் காலி.

இன்னொன்று. இன்று நீங்கள் ஒரே நாளில் நான்கு செக்டர்கூட, அதாவது நான்கு தனித்தனிப் பயணங்கள்கூட, பறக்கிறீர்கள். ஜூலை மழையில், காட்கோபர் குன்றுக் குடிசைகளுக்கு மேலாக இறங்கி, 27-ஆம் ஓடுபாதையில் பக்கக்காற்றோடு சக்கரத்தைப் பதிக்கிறீர்கள். நெடுந்தூர விமானத்தில் நான்கு விமானிகள் போவார்கள், தரையிறக்கம் ஒன்றுதான். 90 நாளில் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் என்ற கட்டாயக் கணக்கு நிறையாமல், அதை ஈடுகட்டத் தரையில் இருக்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டருக்குப் போகிறவர்கள் உண்டு. கேப்டன் ஆவதற்கு முந்தைய வருடத்தில் கை இப்படி ஓய்வெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. 2017-ல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு நோட்டீஸ் ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். நாலாவது பட்டை ஏறியதும் வெளியேறும் வாசல் குறுகிவிடும். பயிற்சி ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தும் என் பதில் மாறவில்லை.

பெரிய விமானம் இனி வளைகுடாவின் தனிச்சொத்தும் இல்லை. ஏர் இந்தியா 2024 ஜனவரியிலிருந்து ஏ350 ஓட்டுகிறது, இண்டிகோவும் அதே விமானத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இந்திய நிறுவனங்கள் மேல் பயம் இருப்பது நியாயம். ஆனால் 2020-ல் வளைகுடா நிறுவனங்களும் விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. அங்கே வேலை போனால் விசாவும் போகும்.

இரவுப் பணி பற்றி நீங்கள் எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025-ல் இங்கே விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. அதற்குப் பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நெடுந்தூர விமானப் பணி அட்டவணையிலும் இரவு உண்டு, கூடவே நேர மண்டலமும் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்பா சொல்லும் மூன்று மணி நேரம் துபாய்க்கும் மும்பைக்கும் உள்ள தூரம். அவருக்கு உடம்பு முடியாமல் போகும் நாளில் நீங்கள் பிரேசிலின் சாவோ பாலோவில், அடுத்த விமானத்துக்காகத் தங்கும் லேஓவரில் இருக்கலாம். அவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அவர் போகச் சொன்னால் அதுதான் உண்மையான சம்மதம்.

கடிதத்தில் என்னை உறுத்தியது "உங்க இஷ்டம்" என்ற வார்த்தைதான். வங்கி வேலையை விடப்போவது உங்கள் மனைவி. நீங்கள் பறக்கும் நாட்களில் தெரியாத ஊரில் குழந்தையோடு தனியாக இருக்கப்போவதும் அவர்தான். சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா, எத்தனை வருடம், திரும்பினால் பணிமூப்பு என்ன ஆகும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவர் வாயிலிருந்து தெளிவான பதில் வரும்வரை ராஜினாமா கடிதத்தைத் தொடவேண்டாம்.

மகள் படிப்பைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். துபாயில் சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய உண்டு, திரும்பி வந்தாலும் பாடத்திட்டம் பொருந்தும். கட்டணம்தான் கடிக்கும். அதில் நிறுவனம் எவ்வளவு ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.