மருத்துவர் பதில்: பக்கத்துக் கட்டில் சிநேகிதம்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. அரசு அலுவலகத்தில் வேலை. இருபது வருடக் குடி. மூன்று மாதத்துக்கு முன் குடிநோய் வார்டில் சேர்த்தோம். இப்போது குடிப்பதில்லை, குடி ஆசையை அடக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்த 24 வயதுப் பையனோடு ஒட்டிக்கொண்டார். அவன் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தவனாம். தினமும் மாலை ஆறு மணிக்கு இருவரும் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பையன் இன்னமும் நாக்குக்கு அடியில் ஏதோ மாத்திரை வைத்துக்கொள்கிறான். ‘பன்றியோடு சேர்ந்த கன்றும் கெடும்’ என்கிறார் என் அண்ணன். இந்தச் சகவாசத்தை வெட்டிவிடலாமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: வெட்ட வேண்டாம் அம்மா. உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது பழைய சேர்க்கையை விடச் சொல்லித்தான் நாங்களும் அனுப்புகிறோம். ஆனால் எந்தச் சேர்க்கை என்று பார்க்க வேண்டும். டாஸ்மாக் வாசலில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பாதிப் பாதி காசு போட்டு ஒரு குவார்ட்டரை வாங்கி ‘கட்டிங்’ அடிப்பார்கள். பத்து நிமிடத்தில் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள். பாட்டில் தீர்ந்ததும் அந்த உறவும் தீர்ந்தது. உங்கள் கணவருக்கு வாய்த்திருப்பது நடுவில் பாட்டில் இல்லாத சிநேகிதம். இருபது வருடத்தில் அவருக்கு அப்படி ஒன்று இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குடியை நிறுத்தி இரண்டாம் நாள். கை நடுக்கம், வியர்வை. டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில். ‘இது மது விடும்போது வருகிற நடுக்கம், மாத்திரை கொடுத்திருக்கிறோம், ஓரிரு நாளில் குறைந்துவிடும்’ என்று நான் விளக்கினேன். மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் ஒரு லோடுமேன், நான்கு நாள் மூத்த நோயாளி. எழுந்து வந்து டம்ளரை அவர் கையில் வைத்து, தன் கையையும் மேலே வைத்துப் பிடித்தார். “இன்னைக்கு ரெண்டு கையாலயும் பிடிங்க சார். நாளன்னைக்கு ஒரு கை போதும்.” தலைமையாசிரியர் குடித்தார். நான் சொன்னதும் அதே விஷயம்தான். என்ன, என் கை நடுங்கியதில்லை.

இது ஏதோ வார்டு அதிசயம் என்று நினைக்காதீர்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும், உலகம் முழுக்க இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) அமைப்பு இப்படித்தான் தொடங்கியது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த பில் வில்சனுக்குக் காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், பக்கத்தில் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். கால் அந்தப் பக்கம் இழுக்கிறது. அவர் பாருக்குப் போகாமல் தொலைபேசிப் பக்கம் போனார். பாதிரியார்களுக்குப் போன் போட்டு, ‘உங்கள் ஊரில் குடியில் மாட்டிக்கொண்டவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் பேச வேண்டும்’ என்று கேட்டார். அப்படித் தேடிக் கிடைத்தவர் பாப் ஸ்மித், 55 வயது அறுவைசிகிச்சை மருத்துவர். ஆமாம், எங்கள் ஆள்தான். பதினைந்து நிமிடம்தான் ஒதுக்குவேன் என்று வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன் நியூயார்க்கில் பில் பல குடிகாரர்களிடம் மாதக்கணக்கில் பேசியிருக்கிறார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் பேசிய அவர் மட்டும் அத்தனை நாளும் குடிக்காமல் இருந்தார். இதை எடுத்துச் சொன்னது அவருடைய மனைவி லோயிஸ். டாக்டர் பாபும் ஒரே சந்திப்பில் விட்டுவிடவில்லை. அடுத்த மாதமே ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் நன்றாகக் குடித்துவிட்டு வந்தார். பில் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை, கூடவே இருந்தார். ஜூன் 10-ல் டாக்டர் கடைசியாகக் குடித்தார். 1950-ல் இறக்கும்வரை தொடவில்லை.

நெஞ்சைத் தொடும் கதை போதுமா, ஆதாரம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இந்த முறையைப் பற்றிய 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு இது குறைந்ததில்லை, சிலவற்றைவிட மேல் என்றுதான் முடிவு வந்தது.

அந்த ஆறு மணி டீயையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். இருபது வருடமாக அந்த நேரத்துக்குச் சரக்கு உள்ளே போய்ப் பழகிய உடம்பு, மணி அடித்ததுபோல் கேட்கும். குடிக்கும் வேட்கை அலை மாதிரி. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த அரை மணியை எதிரே ஒரு ஆளோடு கடத்துகிறார். அவர் வரவில்லை என்றால் பையன் காத்திருப்பான் என்பதும் ஒரு கடிவாளம்தான். வீட்டில் நீங்கள் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் ‘இன்றைக்கு ஒன்றும் போடவில்லையே?’ என்பது அவர் காதில் போலீஸ் விசாரணை. அந்தத் தம்பி கேட்டால் அப்படி விழாது.

சரி, இப்போது உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுவது சகவாசத்துக்கு, நான் பயப்படுவது மாத்திரைக்கு.

நாக்குக்கு அடியில் வைப்பது அநேகமாக பியூப்ரினார்பின். வலி மாத்திரை, ஹெராயின் பழக்கங்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் சிகிச்சை அது. முறையாக எடுத்தால் ஊசிக்கும் அலைய வேண்டாம், உடம்பு முறுக்கி வலிக்கவும் செய்யாது. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதை’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அந்தத் தம்பியாக அதை நிறுத்தவும் கூடாது. ஆனால் குடியோ தூக்க மாத்திரையோ அதோடு சேர்ந்தால் மூச்சுக்கு ஆபத்து.

உங்கள் கணவரின் நால்ட்ரெக்சோன் இதற்கு நேர் எதிர் வேலை செய்வது. ‘எனக்கு ஆசை அடங்குகிறதே, நீயும் ஒன்று போட்டுப் பார்’ என்று அவர் பாசத்தில் ஒரு மாத்திரையை நீட்டினால், பையனுக்குக் கொஞ்ச நேரத்தில் வாந்தி, பேதி, உடம்பெல்லாம் வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டி வரும். அவனுடைய மாத்திரையை இவரும் தொடக் கூடாது. டீயைப் பகிரலாம், வடையைப் பகிரலாம், மாத்திரையை மட்டும் கூடாது. இதை இன்றைக்கே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: விபத்து, ஆபரேஷன் என்று எதற்காவது போனால் நால்ட்ரெக்சோன் சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும், மார்ஃபின் வகை வலி மருந்துகள் அவருக்கு வேலை செய்யாது. கல்லீரல் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம்.

ஒருவர் சறுக்கினால் என்ன செய்வது என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளட்டும். சறுக்கல் வரலாம், டாக்டர் பாபுக்கே வந்தது. உங்கள் கணவர் தனியாக பாருக்குள் போய்ப் பையனை இழுத்து வருவதோ, பையன் இவரைத் தேடிப் போவதோ வேண்டாம். குடியை விட்டு நாளான மூன்றாவது ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும். பக்கத்தில் ஏஏ கூட்டம் நடந்தால் இருவரும் சேர்ந்தே போகலாம். மாத்திரைப் பழக்கத்தில் ஒரு விஷயம் முக்கியம்: நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மறுபடி ஊசியில் ஏற்றினால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுபோகலாம். எழுப்பினால் எழவில்லை, உதடு நீலம், குறட்டைபோல் சத்தம் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். உங்கள் கணவருக்கு இது தெரிந்திருக்கட்டும். கைமாற்றுக் கடன் மட்டும் இருவருக்குள்ளும் வேண்டாம். சிநேகிதம் முறிவது பாதி அதில்தான்.

உங்களுக்கும் பேச யாராவது வேண்டும் அம்மா. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் உண்டு. 14416-ல் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை இலவசம், தமிழிலும் பேசலாம். போதை பற்றிய கேள்விகளுக்கு 14446.

அப்புறம், நீங்கள் இவ்வளவு எழுதியும் அந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. டீக்கடையில் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிடுங்கள். மீன் எடுப்பதென்றால் அவனையே வாங்கி வரச் சொல்லலாம்.