கிறிஸ்துமஸ் முதலிடமும் அடுத்தவர் பாட்டும்

அன்புத் தங்கைக்கு,

லண்டனில் செவிலியராகச் சேர்ந்து முதல் டிசம்பரைக் காணும் நீங்கள், உங்கள் வார்டில் மூத்தவர்கள் "கிறிஸ்துமஸ் நம்பர் ஒன்" பற்றி வாதாடுவதையும், 'எக்ஸ் ஃபேக்டர்' என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் வெற்றியாளர்கள் அடுத்தவர் பாட்டைப் பாடியே அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்று சிலர் இன்றும் குறைபட்டுக்கொள்வதையும் எழுதியிருந்தீர்கள். "நம் சூப்பர் சிங்கரில் எல்லோரும் அடுத்தவர் பாட்டைத்தானே பாடுகிறார்கள், இதில் என்ன குறை?" என்பது உங்கள் கேள்வி. தென்கிழக்கு லண்டன் மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலமாக வேலை பார்த்து, இந்த வாக்குவாதங்களை ஆண்டுதோறும் கேட்டுவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அடுத்தவர் பாட்டைப் பாடியது அவர்களுக்குக் குறையே அன்று.

இந்த நாட்டின் பாடல் தரவரிசை 1952 நவம்பரில் தொடங்கியது. ஒரு வாரத்தில் எந்தப் பாட்டு அதிகம் விற்றது என்ற கணக்காகவே அது நெடுங்காலம் இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் விற்பனை உச்சத்தில் இருக்கும். வீடுகளில் மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். பந்தயக் கடைகள் முதலிடத்தின் மீது பணம் வாங்கும். ஆகவே அந்த ஒரு வாரத்து முதலிடத்தை மக்கள் தங்களுக்கு உரியதாகக் கருதுகிறார்கள்.

'எக்ஸ் ஃபேக்டர்' 2004இல் ஐடிவியில் தொடங்கியது. சூப்பர் சிங்கரில் வென்றவருக்கு வீடும் திரைப்படத்தில் பாடும் வாய்ப்பும் கிடைக்கும். 'எக்ஸ் ஃபேக்டரி'லோ வென்றவர் பாடிய பாட்டே உடனே கடைக்கு வரும். டிசம்பர் நடுவில் இறுதிச் சுற்று நடக்கும். யார் வெல்வார் என்று தெரியாத நிலையில், பல ஆண்டுகளில் இறுதிக்கு வந்த ஒவ்வொருவரையும் ஒரே பாட்டைப் பாட வைத்து முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். வென்றவரின் குரல் மட்டும் வெளிவரும், மற்றவர்களின் பதிவு அப்படியே கிடப்பில் போய்விடும். எந்தக் குரலுக்கும் பொருந்த வேண்டும், கேட்டவுடன் பிடிக்க வேண்டும் என்பதால், ஏற்கெனவே நிலைபெற்ற பாட்டைத் தேர்ந்தெடுப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பான வழியாக இருந்தது. 2010ஆம் ஆண்டு இறுதிச் சுற்றை 1.7 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்றால், மறுநாள் விற்பனை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2005 முதல் 2008 வரை நான்கு கிறிஸ்துமஸிலும் அந்த நிகழ்ச்சிக்கே முதலிடம். 2008 இதில் தனித்து நிற்கிறது. கனடியப் பாடகர் லெனர்ட் கோஹன் 1984இல் வெளியிட்ட 'ஹாலேலூயா'வை அந்த ஆண்டு வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடினார். முதல் வாரத்திலேயே 5,50,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே பாட்டை முன்பே பாடியிருந்த அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் பழைய பதிவை விரும்பியவர்கள் அதை வாங்கி வாங்கி இரண்டாம் இடத்துக்கு ஏற்றினார்கள். கோஹனின் மூலப் பதிவும் அதே வாரம் பட்டியலுக்குள் வந்தது. ஒரே பாட்டு மூன்று குரல்களில் ஒரே பட்டியலில் நின்றது. அலெக்ஸாண்ட்ராவின் குரல் வளத்தை யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஆனாலும், தனிமையில் கேட்டு நெஞ்சோடு வைத்திருந்த பாட்டு விற்பனைச் சரக்காக வந்துவிட்டதே என்ற வருத்தம் பலருக்கு இருந்தது; அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன்.

மறு ஆண்டு அது எதிர்ப்பாகவே வெடித்தது. அந்த ஆண்டு வென்ற ஜோ மெக்எல்டெரி பாடிய, மைலி சைரஸின் 'தி கிளைம்ப்' முதலிடத்துக்கு வரும் என்று எல்லோரும் நம்பியிருக்க, ஒரு தம்பதி ஃபேஸ்புக்கில் மக்களைத் திரட்டி, ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1992ஆம் ஆண்டுப் பாட்டை 5,00,000க்கு மேல் விற்கச் செய்து வென்றார்கள். இரண்டு பாட்டுகளும் சோனியின் நிறுவனங்களிலிருந்தே வந்தவை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பணமும் ஒரே வீட்டுக்குத்தான் போயிற்று. ஆனால் முடிவு செய்தவர்கள் மக்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். 2012இல் 'எக்ஸ் ஃபேக்டர்' வெற்றியாளரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது, 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் உறவுகளை இழந்த குடும்பங்களின் நீதிப் போராட்டத்துக்காகப் பலர் கூடிப் பாடிய பழைய பாட்டு. 2015இல் முதலிடம் பெற்ற லூவிஷம் - கிரீனிச் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஊழியர்களின் பாடகர் குழு பாடியதோ, கோல்ட்பிளே பாட்டையும் சைமன் - கார்ஃபங்கல் பாட்டையும் இணைத்த ஒன்று. இரண்டுமே அடுத்தவர் பாட்டுகள்தாம். அந்தக் குழு 2012இல் பாடகர் குழுக்களை நடத்தும் கேரத் மலோனின் தொலைக்காட்சித் தொடருக்காகவே உருவானது. ஆகவே தொலைக்காட்சியும் குறையில்லை, அடுத்தவர் பாட்டும் குறையில்லை. யாருக்காகப் பாடுகிறார்கள் என்பதைத்தான் இந்த மக்கள் பார்க்கிறார்கள்.

2015இல் முடிவு கிறிஸ்துமஸ் நாளன்றே வெளியானது. அன்று நான் பணியில் இருந்தேன். செவிலியர் மேசையில் இருந்த சிறிய வானொலியின் ஒலியைக் கூட்டச் சொன்னவர், இடுப்பு எலும்பு அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு பாட்டி. இரண்டாம் இடத்துக்கு வந்த ஜஸ்டின் பீபரே தம் ரசிகர்களிடம் அந்தக் குழுவின் பாட்டை வாங்கச் சொல்லியிருந்தார். முதலிடம் அறிவித்ததும் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் அதை நிறுத்திவிட்டுக் கைதட்டினாள். அவளுக்கும் அந்தக் குழுவில் யாரையும் தெரியாது.

இதற்காகப் போட்டியில் வென்று பாடியவர்களை நீங்கள் தாழ்வாக நினைக்க வேண்டாம். 2013இல் முதலிடம் பெற்ற சாம் பெய்லி, லெஸ்டரில் வாழ்ந்த சிறைக்காவலர், குழந்தைகளின் தாய். டெமி லோவாட்டோவின் பாட்டை அவர் பாடியபோது அதில் அவர் வாழ்க்கையின் கனம் இருந்தது. என் கருத்தில் அந்த வரிசையில் மிகவும் தகுதியான வெற்றி அதுதான்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2014இலிருந்து ஸ்ட்ரீமிங்கும், அதாவது இணையத்தில் கேட்பதும், கணக்கில் சேர்வதால், ஒரே வாரத்தில் வாங்கித் தள்ளும் பலம் குறைந்து, ஒவ்வொரு டிசம்பரிலும் பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகளே மேலே வருகின்றன. 1984இல் இரண்டாம் இடத்தில் நின்றுபோன வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' 2023இல்தான் முதன்முறையாகக் கிறிஸ்துமஸ் முதலிடம் பெற்றது. 'எக்ஸ் ஃபேக்டரின்' வழக்கமான தொடர் 2018க்குப் பிறகு வரவில்லை.

வார்டில் பேச்சு எழும்போது நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் 'ஹாலேலூயா'வில் எந்தக் குரல் பிடிக்கும் என்று கேளுங்கள். இடைவேளை முழுவதும் பேசுவார்கள். அதற்கு முன் மூன்றையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், கோஹனிலிருந்து தொடங்குங்கள்.